குழந்தை தூங்கிய பிறகும் எனக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை

கேள்வி:

எனக்கு 31 வயது. மகனுக்கு 22 மாதம். அவன் பிறக்கும் வரை ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். கூடவே தொலைதூரக் கல்வியில் ஒரு மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். அது பாதியில் நிற்கிறது. பென்சில் ஓவியம் வரைவேன். நன்றாக வரைகிறாய் என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். இப்போது காலையில் எழுந்தால் இரவு வரை மகன் பின்னாலேயே ஓடுகிறேன். எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்கிறான். வராவிட்டால் தரையில் விழுந்து அழுகிறான். இரவு அவன் தூங்கியதும் படிக்கலாம், வரையலாம் என்று பகல் முழுவதும் நினைப்பேன். தூங்கியதும் போனை எடுத்தால் 1 மணி வரை கீழே வைப்பதில்லை. பார்த்தது எதுவும் மனதில் நிற்பதும் இல்லை. மறுநாள் தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தேன். ஒரு வாரம் தொடர்ந்து படித்தால் எனக்கு நானே ஒரு பரிசு என்று வைத்துப் பார்த்தேன். எதுவும் நிலைக்கவில்லை. கணவர் நல்லவர், சொன்னால் எதையும் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும். எனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோனது மாதிரி இருக்கிறது. நான் சோம்பேறியாகிவிட்டேனா? வேலைக்குத் திரும்பினால் சரியாகிவிடுமா? இல்லை, அவன் பள்ளிக்குப் போகும் வரை பொறுத்திருக்க வேண்டுமா?

பதில்:

அன்புத் தோழி,

நீங்கள் சோம்பேறி இல்லை. காலையிலிருந்து இரவு வரை ஓடும் ஒருவருக்கு அந்தப் பேர் பொருந்தாது. ஆனால் "எதையும் செய்யத் தோன்றவில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊக்கம் வருவதற்கான வழிகளைப் பேசுவதற்கு முன்னால் உடம்பையும் மனதையும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

கடந்த இரண்டு வாரங்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, மனம் சோர்ந்தே இருந்ததா? முன்பு சந்தோஷம் தந்த விஷயங்கள் இப்போது எதுவுமே தருவதில்லையா? குழந்தை சிரித்துக்கொண்டு ஓடி வரும்போதுகூட உள்ளுக்குள் ஒன்றும் அசையவில்லையா? இதில் எதற்காவது ஆமாம் என்று சொல்வீர்களானால், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் சில வாரங்களோடு முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் அது ஒரு வருடத்தைத் தாண்டியும் நீளும். அதைக் கண்டுபிடிக்க 1987 முதல் புழக்கத்தில் இருக்கும் எடின்பரோ அளவுகோலில் மொத்தமே 10 கேள்விகள்தான். கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்போ, குழந்தைக்கோ உங்களுக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ எட்டிப்பார்த்தால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அங்கே போகும்போது தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் வருடத்தில் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. அவர்களில் சிலருக்குச் சுரப்பு குறைந்த நிலையே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இரும்புச்சத்துக் குறைவும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு மந்தமாக இருப்பதாகத் தெரியும், நமக்கே நம்மைச் சோம்பேறி என்று தோன்றும். மாத்திரையால் சரியாகிற ஒன்றுக்கு உங்கள் குணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்தது தூக்கம். ஜெர்மனியில் பெற்றோர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. முதல் குழந்தை பிறந்து 6 வருடம் வரையிலும் தாய்மார்களின் தூக்கம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை என்று அதில் தெரிந்தது. உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இரவு 1 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்து படிப்பது யாராலும் தொடர முடியாத காரியம். வயது வந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் தூக்கம் வேண்டும். சீக்கிரம் எழுந்தால் வாழ்க்கை மாறிவிடும் என்கிற அறிவுரை, இரவில் தடையில்லாமல் தூங்குகிறவர்களுக்குச் சரியாக இருக்கலாம். நடுராத்திரியில் குழந்தை எழுந்து அழுதால் எழுந்து உட்காருகிற ஒரு தாய்க்கு அதைச் சொல்வது கொடுமை. அந்த 5 மணித் திட்டத்தைக் கைவிட்டதற்காக வருத்தப்படாதீர்கள்.

இப்போது அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அந்த வரிதான்.

மனிதர்கள் ஒரு காரியத்தைத் தாமாக விரும்பிச் செய்வதற்கு என்ன வேண்டும் என்று எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் மூன்று தேவைகளைச் சொன்னார்கள். நான் செய்வதை நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது செய்ய வருகிறது என்ற உணர்வு, எனக்கு நெருக்கமானவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இந்த மூன்றையும் உங்கள் நாளோடு வைத்துப் பாருங்கள். மூன்றாவது இருக்கிறது, சில நேரம் மூச்சுமுட்டும் அளவுக்கு. இரண்டாவது மெல்லத் தேய்ந்திருக்கிறது. ஏனென்றால் வீட்டு வேலையில் செய்து முடித்தது எதுவும் முடிந்ததாக நிற்பதில்லை. நீங்கள் மடித்து அடுக்கிய துணிகளை அவன் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போடுகிறான். துடைத்த இடத்தில் மறுபடியும் தண்ணீரைக் கொட்டுகிறான். மாலையில் திரும்பிப் பார்த்தால் காலையில் இருந்த மாதிரியே இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டுப் பழகிய உங்களுக்கு இது எவ்வளவு சோர்வு தரும் என்று எனக்குப் புரிகிறது.

முதலாவது தேவைதான் அடியோடு காணாமல் போயிருக்கிறது. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது குளியலறைக்குப் போவது என்பதைக்கூட அவன்தான் முடிவு செய்கிறான். அவன் தூங்கிய பிறகுதான் யாரும் உங்களைக் கூப்பிடாத நேரம் ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் படிப்பு வேண்டாம், ஓவியம் வேண்டாம், கட்டைவிரலை மட்டும் நகர்த்திக்கொண்டு கிடக்கிறேன் என்று மனம் சொல்கிறது. நாள் முழுவதும் மற்றவர் சொன்னதைச் செய்தவர், இரவில் தனக்குத் தானே இட்ட கட்டளையையும் மீறத்தான் பார்ப்பார். படிக்க வேண்டும் என்பதும் ஒரு கட்டளைதானே? ஆகவே தூக்கத்தை விற்று அந்த விடுதலையை வாங்குகிறீர்கள். பகலில் கொஞ்சமாவது உங்களுக்கென்று நேரம் கிடைத்தால்தான் இரவில் போனைக் கீழே வைக்க முடியும். மன உறுதியை மட்டும் நம்பிப் பயனில்லை.

உங்கள் மகனும் இதே போராட்டத்தில்தான் இருக்கிறான். செருப்பைத் தானே போட்டுக்கொள்கிறேன் என்று வாசலில் உட்கார்ந்துகொள்கிறான். இடது காலில் வலது செருப்பு. குதிகால் பட்டைக்குள் போகமாட்டேன் என்கிறது. நமக்கு நேரமாகிறது, குனிந்து ஒரு நொடியில் மாட்டிவிடுகிறோம். அவன் அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் புரளுகிறான். செருப்பு மாட்டியதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை, தன் கையை மீறி அது நடந்ததுதான் தாங்கவில்லை. 22 மாதத்தில் ஆசையை அடக்குகிற மூளைப்பகுதி இன்னும் வளர்ச்சியின் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் அழுகிறான். பெரும்பாலான அடம் 5 நிமிடத்துக்குள் தானாக அடங்கிவிடும். பக்கத்தில் அமைதியாக இருந்தால் போதும். அதிகம் பேசினால் நீளத்தான் செய்யும்.

பரிசு ஏன் பலிக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். டெசி 1971இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவர்களுக்கு ஒரு புதிர்க்கட்டையைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு மட்டும், ஒரு கட்டத்தில், புதிரைப் போட்டு முடித்தால் பணம் தந்தார். பணம் நின்ற பிறகு, சும்மா இருக்கிற நேரத்தில் அவர்களுக்குப் புதிரைத் தொடுகிற ஆர்வம் குறைந்திருந்தது. சின்னக் குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 20 மாதக் குழந்தைகள், யாராவது கைக்கு எட்டாத பொருளுக்காகத் தவித்தால் தாமாகப் போய் எடுத்துத் தருவார்கள். எடுத்துத் தந்ததற்குப் பொம்மைப் பரிசு கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். இது 2008இல் வந்த ஆய்வு. அலுப்பான வேலைக்குப் பரிசு வைத்துக்கொள்வதில் தவறில்லை. வரி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு உங்களுக்கு நீங்களே எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு காலத்தில் ஆசையாகச் செய்ததற்குப் பரிசு வைத்தால், அது ஆசையின் கணக்கிலிருந்து கடமையின் கணக்குக்குப் போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்?

மூட் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970களிலிருந்து பீட்டர் லூயின்சன் போன்றவர்கள் வளர்த்தெடுத்த ஒரு முறை இருக்கிறது. மனம் மாறிய பிறகு செயல் என்ற வரிசையை அவர்கள் திருப்பிப்போட்டார்கள். முதலில் சின்னதாக ஒன்றைச் செய்ய வைப்பார்கள், அதன் பின்னால்தான் மனம் வரும். என்னிடம் வருகிறவர்களிடமும் இதையே பார்க்கிறேன். செய்வதற்கு முன் ஆசை வருவது அபூர்வம். ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் போன பிறகு, இன்னும் சற்று இருக்கலாமே என்று தோன்றும். அதுதான் நீங்கள் தேடுகிற ஊக்கம்.

அந்தச் சின்னது எது என்பதில் கவனமாக இருங்கள். மேற்படிப்பை இப்போது எடுக்காதீர்கள். பாடப் புத்தகத்துக்கு ஒரே மூச்சாக உட்காருகிற நேரம் வேண்டும். பாதியில் எழுந்துபோனால் விட்ட இடத்தைத் தேடவே அடுத்த வாய்ப்பு போய்விடும். மூன்று முறை அப்படி நடந்தால் புத்தகத்தைப் பார்த்தாலே வெறுப்பு வரும். பென்சில் ஓவியம் அப்படி இல்லை. எந்தக் கோட்டில் நிறுத்தினாலும் மறுபடி அதே கோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அதைவிட முக்கியம், வரைந்தது அழியாமல் இருக்கும். நாளெல்லாம் செய்தது நாளெல்லாம் கலைகிற வீட்டில், நேற்று வரைந்த காது இன்று காலையிலும் அதே இடத்தில் இருப்பதைப் பார்ப்பது பெரிய தெம்பு. யாருக்கும் தேவைப்படாத, யாரும் கேட்காத ஒன்றாகவும் அது இருக்கிறது. அதனாலேயே அது உங்களுடையது.

ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில், அவன் கைக்கு எட்டாத ஆனால் உங்கள் கைக்கு உடனே கிடைக்கிற ஓர் இடம். அலமாரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் பை என்று வைத்தால் எடுக்கவே மாட்டீர்கள். முழுப் படம் வேண்டாம். அவனுடைய செருப்பை வரையுங்கள், உங்கள் இடது கையை வரையுங்கள், 10 நிமிடம் போதும். நன்றாக வராமல் போனால் பக்கத்தைத் திருப்புங்கள், கிழிக்காதீர்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், எங்கும் பதிவேற்றவும் வேண்டாம். கொஞ்ச மாதத்துக்காவது அது பாராட்டும் எண்ணிக்கையும் இல்லாத இடமாக இருக்கட்டும்.

எத்தனை மணிக்கு என்று நேரம் குறிக்காதீர்கள். குழந்தை இருக்கிற வீட்டில் கடிகாரத்தை நம்பிப் போடுகிற திட்டம் முதல் சளி, காய்ச்சலிலேயே கவிழ்ந்துவிடும். பதிலாக, தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். "பகலில் அவன் தூங்கியதும், பாத்திரத்தைத் தொடுவதற்கு முன், நோட்டைத் திறப்பேன்" என்று ஒரே ஒரு வாக்கியம். இது நடந்தால் அது செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொள்வது, வெறும் ஆசையைவிட நன்றாகப் பலன் தருகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விரிவாக எழுதினார். பாத்திரத்தைத் தொடுவதற்கு முன் என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். எல்லா வேலையையும் முடித்துவிட்டு நமக்கு என்று வைத்தால், எல்லா வேலையும் எந்த நாளும் முடியாது. அவன் அன்று தூங்கவே இல்லையா? அன்று விட்டுவிடுங்கள். லண்டனில் 96 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. தொடர்ச்சி அறுந்துவிட்டது, இனி என்ன என்ற நினைப்புதான் பழக்கத்தைக் கெடுக்கிறது.

இது முதல் பாதி. இதைவிடக் கடினமானது கணவரோடு பேச வேண்டியது. இதை நீங்கள் தள்ளிப்போடுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"சொன்னால் செய்வார், ஆனால் சொல்ல வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டைப் பற்றிய சிந்தனை வேலையை அவர் நான்காகப் பிரித்தார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டி யோசிப்பது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் இருவருமே இருந்தார்கள். முன்கூட்டி யோசிப்பதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் இருந்தன. கைவேலை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. டயப்பர் தீரப்போகிறது, அடுத்த தடுப்பூசி எப்போது, போன மாதச் சட்டை இறுக்கமாகிறது என்று உள்ளே ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது ஓடுகிற வரை நீங்கள் நோட்டைத் திறந்தாலும் பாதி மனம்தான் அங்கே இருக்கும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெரோய் 2009இல் காட்டினார். பக்கத்து அறையில் குழந்தை அழுவதைக் காதில் வாங்கிக்கொண்டு கிடைக்கிற ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமே அல்ல.

ஆகவே கணவரிடம் உதவி கேட்காதீர்கள். உதவி என்றால் பொறுப்பு உங்களிடமே இருக்கும், நீங்கள் சொல்ல வேண்டும், அவர் செய்வார். ஒரு பகுதியை முழுதாக ஒப்படையுங்கள். உதாரணத்துக்கு, வாரத்தில் இரண்டு மாலையும் ஒரு விடுமுறை நாள் காலையும். அந்த நேரத்தில் குழந்தையின் சாப்பாடு, குளியல், அழுகை, துணி எல்லாம் அவருடையது. என்ன போடுவது, எதைக் கொடுப்பது என்று உங்களிடம் கேட்கக் கூடாது. நீங்களும் எட்டிப்பார்த்துச் சொல்லக் கூடாது. அதோடு ஏதாவது ஒரு பொறுப்பைத் தலையிலிருந்தே இறக்கி அவரிடம் கொடுங்கள். தடுப்பூசி, மருத்துவரிடம் போவது, அந்த ஃபைல், அந்தத் தேதிகள் எல்லாம் இனி அவருடையது என்பது போல. பேசும்போது "நீங்கள் எதுவும் செய்வதில்லை" என்று ஆரம்பித்தால் அவர் செய்த பத்து வேலையை அடுக்குவார், பேச்சு அங்கேயே முறியும். குழந்தை தூங்கிய ஒரு நாள், இருவரும் களைத்துப்போகாத நேரத்தில், உங்கள் தலைக்குள் ஓடும் அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். "இவ்வளவும் என் மனதில் ஓடுகிறது, இதில் எதையெல்லாம் நீங்கள் முழுதாக எடுத்துக்கொள்ள முடியும்?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து பல ஆண்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முதல்முறையாக விஷயத்தின் அளவைப் புரிந்துகொண்டார்கள்.

முதல் மாலை சுலபமாக இருக்காது. நீங்கள் அறைக்குள் போனதும் மகன் கதவைத் தட்டுவான், "அம்மா" என்று கத்துவான். கணவர் தடுமாறுவார். சட்டையைத் திருப்பிப் போட்டுவிடுவார். நீங்கள் எழுந்துபோய்ச் சரிசெய்தால், அம்மா வரும் வரை அழ வேண்டும் என்று மகனும், அவள் வந்துவிடுவாள் என்று கணவரும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். முடிந்தால் முதல் சில வாரங்கள் வீட்டை விட்டே வெளியே போய்விடுங்கள். ஒரு நடை, ஒரு நூலகம், ஒரு தோழி வீடு. அவன் அப்பாவின் மடியில் அழுவது தனியாக விடப்பட்டு அழுவதாகாது. ஷாஃபர், எமர்சன் என்ற ஆய்வாளர்கள் 1964இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதம் ஆவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஆழமான பிணைப்பு கொண்டிருந்தார்கள். உங்கள் மகனும் அந்த வயதைத் தாண்டிவிட்டான். அப்பாவிடம் ஆறுதல் கிடைக்கும் என்று அவன் கண்டுகொள்ள, நீங்கள் அந்த அறையில் இல்லாமல் இருக்க வேண்டும். கணவரால் முடியாத நிலை என்றால், பாட்டியோ அத்தையோ நம்பிக்கையான வேறொருவரோ, யாராக இருந்தாலும் விதி இதுதான்.

இதைப் படிக்கும்போதே குற்ற உணர்வு வந்திருக்கும். குழந்தையை விட்டுவிட்டுப் படம் வரைவதா என்று. எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் தாயும் குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதைப் படம் பிடித்து நொடி நொடியாக ஆராய்ந்தார். நல்ல உறவில் இருக்கிற தாயும் குழந்தையும்கூட ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் ஒருவருக்கொருவர் ஒத்திசைந்திருந்தார்கள். மற்ற நேரமெல்லாம் விலகுவதும் மறுபடி சேர்வதும்தான். அந்த மறுபடி சேர்வதில்தான் குழந்தையின் நம்பிக்கை வளர்கிறது என்பது அவர் கண்டது. நாள் முழுக்க அவனோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த ஆராய்ச்சியும் கேட்கவில்லை. நீங்கள் திரும்பி வரும்போது தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம், போன் இல்லாமல், அவன் சொல்கிறபடி விளையாடுங்கள். அவனுக்கு அது நிறைய.

இரவுப் போனை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லமாட்டேன். மேலே சொன்ன மாலைகள் கிடைத்து இரண்டு மூன்று வாரம் போன பிறகு, படுக்கும் அறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்குச் சாதாரணக் கடிகாரம் ஒன்று போதும். அதுவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். விரல் ஓடிக்கொண்டே இருக்கும்போது எங்கே நிற்கிறது? யாருடைய எதைப் பார்த்தால் லேசாகப் பொறாமை வருகிறது? நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்து வையுங்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்பது மறந்துபோனது என்று எழுதியிருந்தீர்கள். உட்கார்ந்து யோசித்தால் அது நினைவுக்கு வராது. பொறாமை அதை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும். பழைய ஆசைகள் எல்லாம் அப்படியே திரும்ப வேண்டும் என்றும் இல்லை. மேற்படிப்பு இப்போது உங்களை இழுக்காமல் இருக்கலாம், அதற்காக நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை.

கடைசியாக வேலை. இந்த மாதம் முடிவெடுக்காதீர்கள். தூங்காத மனம் எந்தக் கதவைப் பார்த்தாலும் தப்பித்துப்போகிற வழியாகத்தான் பார்க்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், தூக்கம் சீராகட்டும், அந்த மாலைகள் ஒரு மூன்று மாதம் ஓடட்டும். பிறகு உங்களை நீங்களே கேளுங்கள்: வேலையில் எதற்காக ஏங்குகிறேன்? பெரியவர்களோடு பேசுவதற்காகவா, என் பெயரில் வரும் சம்பளத்துக்காகவா, அந்த வேலைக்காகவேவா? முதல் காரணம் என்றால் வேலைக்குப் போகாமலும் அதற்கு வழி உண்டு. மற்ற இரண்டும் என்றால் போங்கள், அவன் பள்ளிக்குப் போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை மறுபடி எடுத்துக் கணவரோடு உட்காருங்கள். அதில் பாதியாவது அவர் பெயரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு முழுநேர வேலை உங்களுக்கு, ஒன்று அவருக்கு என்றாகிவிடும். பகுதிநேரமாக ஆரம்பிக்க வழி இருக்கிறதா என்று பழைய அலுவலகத்திலேயே விசாரியுங்கள், உங்கள் வேலையை அறிந்தவர்கள் அங்கே இன்னும் இருப்பார்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவுகளோடு எனக்கு எழுதுங்கள். தைராய்டோ இரும்புச்சத்தோ காரணம் என்று தெரிந்தால், மேலே சொன்னவற்றில் எதை முதலில் எடுப்பது என்ற வரிசையே மாறும்.